முதுகெலும்புக்கு முட்டுக் கொடுக்கும் கம்பி



"மெக்கானிக்கல் டிப்ளமோவா? அப்போ லேத்து ஓட்டுவியா, இல்ல பஸ் பாடி கட்டப் போவியா?" என்று ஊரில் கேட்பார்கள். நமக்கும் 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' என்றாலே உத்தரமும், அச்சும், ஸ்பிரிங்கும்தான் நினைவுக்கு வரும். அதே பாடமும் அதே சூத்திரமும் மனிதன் முதுகுக்குள்ளே ஐந்தரை மில்லிமீட்டர் கம்பியாக உட்கார்ந்திருக்கின்றன. அதைச் சொல்லத்தான் இந்த மலரில் சில பக்கங்களைக் கேட்டு வாங்கினேன். வைத்தியம் சொல்ல நான் டாக்டர் இல்லை. கம்பி, திருகு, சுமை, சோர்வு ஆகிய நான்கை மட்டும் பேசப் போகிறேன்.

ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து வரும் எனக்கு இந்த விஷயம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மரத்திலிருந்து விழுந்தவர், கிணற்று மேட்டில் சறுக்கியவர், டிராக்டர் டிரெய்லரிலிருந்து விழுந்தவர் என்று முதுகு அடிபட்ட ஒருவராவது பெரும்பாலான ஊர்களில் இருப்பார். என் சித்தப்பா தென்னை மரத்திலிருந்து விழுந்தவர். இடுப்பின் முதல் முள்ளெலும்பு நொறுங்கி, மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு திருகுகள் போட்டு, இரண்டு கம்பி வைத்திருக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து ஏழாவது மாதம் கரும்புக்குக் கட்டிங் ஆர்டர் வந்துவிட்டது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு லோடு போகும் காலத்தில் கட்டுத் தூக்கினால்தான் அவருக்குக் கூலி. டாக்டரோ, "எடை தூக்க இன்னும் காலம் இருக்கு" என்று சொல்லிவிட்டார். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"ஏண்டா தம்பி, நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே. உள்ள வச்சிருக்கறது டைட்டானியமாம், ராக்கெட்டுக்குப் போடறதாம். நான் கட்டு தூக்கினா அது தாங்குமா, தாங்காதா?"

தாங்கும் என்பதும் சரி, தாங்காது என்பதும் சரி. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாகும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

தூணும் அதன் சுமையும்

நம் முதுகெலும்பில் 33 முள்ளெலும்புகள் உள்ளன. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5. அதற்குக் கீழே 5 எலும்புகள் ஒன்றாகச் சேர்ந்தும், கடைசியில் 4 சிறு எலும்புகள் வாலைப் போலவும் இருக்கின்றன. மேலே உள்ள எலும்புகளுக்கு இடையில் ரப்பர் புஷ் மாதிரி வட்டுகள். நேராக நிற்கும்போது இது ஒரு தூண். குனிந்தால் அதுவே ஒரு நெம்புகோல்.

ஒரு கணக்கு. 20 கிலோ கட்டு ஒன்றைக் குனிந்து எடுக்கிறோம். கட்டு முதுகெலும்பிலிருந்து 40 செ.மீ. முன்னால் இருக்கிறது. அதை இழுத்துப் பிடிக்கும் முதுகுத் தசையோ எலும்பிலிருந்து சுமார் 5 செ.மீ. பின்னால்தான் இருக்கிறது. 20-ஐ 40-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 160. அதாவது தசை 160 கிலோ விசையோடு இழுக்க வேண்டும். அந்த 160-ம் கட்டின் 20-ம் சேர்ந்து 180 கிலோ, முள்ளெலும்பை அமுக்குகிறது. இதில் நம் உடம்பின் மேல்பாதி எடையை இன்னும் சேர்க்கவே இல்லை!

இது வெறும் காகிதக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கே என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், தாமாக முன்வந்த ஒருவரின் இடுப்பு வட்டுக்குள் அழுத்தமானியை வைத்து அளந்து 1999-ல் வெளியிட்டார்கள். சும்மா நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல். படுத்தால் 0.1. முதுகை வளைத்து 20 கிலோ தூக்கியபோது 2.3. அதே எடையை முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. மார்போடு அணைத்துப் பிடித்தபோது 1.1. எடை ஒன்றேதான், தூக்கும் விதத்தில்தான் இத்தனை வித்தியாசம்.

கம்பி என்பது சென்ட்ரிங்

முதுகெலும்பு இணைப்பு அறுவையில், ஆடிப்போன இரண்டு மூன்று எலும்புகளை ஒரே எலும்பாக வளரவிடுகிறார்கள். பல சமயம் நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து எலும்புத் துண்டுகளைச் சுரண்டி எடுத்து நடுவிலோ பக்கத்திலோ வைப்பார்கள். அவை ஒட்டி வளர மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒரு வருஷமும் தாண்டும். அதுவரை அந்த இடம் அசையக் கூடாது. அதற்காகத்தான் திருகும் கம்பியும்.

சிவில் பிரிவு நண்பர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. தளம் போடும்போது சென்ட்ரிங் அடித்து முட்டுக் கொடுக்கிறோம். வீட்டை நூறு வருஷம் தாங்கப் போவது கான்கிரீட்தான், சவுக்கு முட்டு இல்லை. கான்கிரீட் இறுகும் வரைக்கும்தான் முட்டுக்கு வேலை. முதுகிலும் கான்கிரீட் என்பது எலும்பு, முட்டு என்பது கம்பி. ஒரே வித்தியாசம், எலும்பு சேர்ந்த பிறகும் இந்த முட்டைப் பெரும்பாலும் கழற்றுவதில்லை. எலும்பு சுமையைப் பங்கிட்டுக்கொள்ளத் தொடங்கிவிட்டால் கம்பி அங்கேயே கிடக்கலாம். எலும்பு சேராமலே போனால் கம்பி ஒருநாள் உடையும். எத்தனை நாளில் என்பது மட்டும்தான் கேள்வி.

இந்தப் பாடத்தை மருத்துவ உலகம் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. அமெரிக்காவில் ஹட்ரா என்பவர் 1891-ல் கழுத்தெலும்பை வெள்ளிக் கம்பியால் கட்டிப் பார்த்தார். 1911-ல் நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பி என்ற இருவர் தனித்தனியே, உலோகம் இல்லாமல் எலும்பை மட்டும் வைத்து இணைப்பு அறுவை செய்தார்கள். ஹூஸ்டன் நகர மருத்துவர் ஹாரிங்டன், போலியோவால் முதுகு கோணிய பிள்ளைகளுக்கு எவர்சில்வர் கம்பியும் கொக்கியும் போட்டு, அந்த முறையை 1962-ல் வெளியிட்டார். ஆரம்பத்தில் எலும்பு இணைப்பு இல்லாமல் கம்பியை மட்டும் வைத்தபோது கம்பி உடைந்தது, கொக்கி நழுவியது. எலும்பையும் சேர்த்து இணைத்த பிறகே பலன் நிலைத்தது. பாரிஸில் ராய்-காமில் 1963 முதல் முள்ளெலும்பின் காம்பு வழியாகத் திருகு போடத் தொடங்கினார். இன்று எங்கும் போடும் 'பெடிக்கிள் ஸ்குரூ'வுக்கு அதுவே முன்னோடி.

நம் தமிழ்நாட்டிலும் ஒரு முக்கியமான பாடம் கிடைத்தது. முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் பழைய எதிரி. அரித்துப்போன எலும்பை எடுத்துவிட்டு அந்த இடைவெளியில் எலும்புத் துண்டை மட்டும் முட்டாக வைக்கும் அறுவைகள் இங்கே நடந்தன. அப்படிச் செய்துகொண்டவர்களைத் தொடர்ந்து கவனித்து ராஜசேகரன், சௌந்தரபாண்டியன் என்ற இரு மருத்துவர்கள் 1989-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முட்டின் நீளம் இரண்டு வட்டு இடைவெளியைத் தாண்டினால் அது நழுவுவதும் முறிவதும் கூடுகிறது என்று அதில் காட்டினார்கள். 'லாங் காலம், ஷார்ட் காலம்' என்று நாம் படிப்பது நினைவுக்கு வருகிறதல்லவா? நீளம் கூடினால் தூணின் பலம் குறையும். அங்கேதான் உலோகத்தின் துணை வேண்டியிருக்கிறது.

எந்த உலோகம்?

முதலில் வந்தது 316 எல் ரக எவர்சில்வர். நம் வீட்டுப் பாத்திரத்துக்கு உறவுதான், ஆனால் மாலிப்டினம் சேர்த்து, கார்பனைக் குறைத்த ரகம். உடம்பு நீர் உப்பு நீர் என்பதால் அரிப்பைத் தாங்க இந்த ஏற்பாடு. இன்று அதிகம் போடுவது டைட்டானியத்தோடு 6 சதம் அலுமினியமும் 4 சதம் வனேடியமும் சேர்ந்த கலவை. விறைப்பு அதிகம் வேண்டிய இடத்தில் கோபால்ட்-குரோமியம். இரண்டு எலும்புக்கு நடுவில் வைக்கும் 'கேஜ்' என்ற கூண்டுக்கு டைட்டானியமோ 'பீக்' என்னும் பிளாஸ்டிக்கோ போடுகிறார்கள்.

யங் மாடுலஸை ஒப்பிட்டுப் பாருங்கள். எவர்சில்வர் சுமார் 195 கிகாபாஸ்கல். டைட்டானியக் கலவை 110. கெட்டியான எலும்பு 12 முதல் 20 வரை. பீக் 3.6 அளவு. ஒரே தடிமனில் எடுத்தால், எவர்சில்வரை விட டைட்டானியம் ஏறக்குறைய 1.8 மடங்கு வளைந்து கொடுக்கும். இது குறையா? ஒரு வகையில் நிறைதான். கம்பி அளவுக்கு மீறி விறைத்துக்கொண்டு எல்லாச் சுமையையும் தானே வாங்கினால், எலும்புக்கு வேலை இருக்காது. வேலை இல்லாத எலும்பு மெலிந்துவிடும். 'ஸ்ட்ரெஸ் ஷீல்டிங்' என்று இதைச் சொல்வார்கள். டைட்டானியம் உடம்போடு ஒத்துப்போகும், ஸ்கேன் படத்தையும் எவர்சில்வர் அளவுக்குக் கெடுக்காது.

இந்த டைட்டானியத்தின் தாது நமக்கு அந்நியமானதும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கும் இல்மனைட்தான் அது. கேரளத்தில் சவரா என்ற ஊரில் 2011-ல் தொடங்கிய ஆலையில் டைட்டானிய ஸ்பாஞ்ச் தயாரானது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இனி நம் பாடத்துக்கு வருவோம். எலும்பு இன்னும் சேரவே இல்லை, முன்பக்கம் துணை ஏதுமில்லை என்று மோசமான நிலையை வைத்துக்கொள்வோம். கம்பிகளுக்கு 40 மி.மீ. முன்னால் 250 நியூட்டன் சுமை இறங்குகிறது. பெண்டிங் மொமென்ட் 10 நியூட்டன் மீட்டர். கம்பி இரண்டு என்பதால் ஆளுக்கு 5, அதாவது 5,000 நியூட்டன் மில்லிமீட்டர்.

வட்டக் கம்பியின் செக்‌ஷன் மாடுலஸ், விட்டத்தின் மும்மடியைப் 'பை'யால் பெருக்கி 32-ஆல் வகுத்தது. 5.5 மி.மீ. கம்பிக்கு அது 16.3 கன மில்லிமீட்டர். 5,000-ஐ 16.3-ஆல் வகுத்தால் கம்பியின் மேல்பரப்பில் தகைவு சுமார் 306 மெகாபாஸ்கல்.

விட்டத்தை 6 மி.மீ. ஆக்கினால் தகைவு 236. ஹாரிங்டன் போட்ட கால் அங்குலக் கம்பி, அதாவது 6.35 மி.மீ. என்றால் 199. விட்டம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை, ஆனால் தகைவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. மும்மடியின் மகிமை இதுதான். விறைப்புக்கோ விட்டத்தின் நான்மடி, அது ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. "அப்படின்னா பென்சில் தடிமனுக்கே போட்டுடலாமே" என்று கேட்கலாம். மெலிந்த ஆளுக்குத் தோலடியில் உறுத்தும். கம்பி அசையாதபோது விசை முழுக்கத் திருகின் பிடிக்குப் போகும். மேலும் கீழும் உள்ள நல்ல எலும்பு மூட்டுகளும் தேயும்.

இந்த டைட்டானியக் கலவையின் யீல்டு பாயிண்ட் குறைந்தபட்சம் 795 மெகாபாஸ்கல் இருக்க வேண்டும் என்பது தர விதி. 306 எங்கே, 795 எங்கே! இரண்டரை மடங்கு பத்திரம். சித்தப்பாவின் கேள்விக்கு 'தாங்கும்' என்று சொன்னேனே, அது இந்தக் கணக்கு. இது நம் நோட்டுக்கான கணக்குதான், எந்த ஒருவருடைய முதுகையும் அளந்து போட்டதல்ல. ஆனால் திசையைக் காட்டும்.

எண்ணிக்கைதான் எமன்

இப்போது 'தாங்காது' என்ற பக்கம். கட்டிட வேலையில் கட்டுக்கம்பியை எப்படி முறிக்கிறோம்? இழுத்தா? இல்லை, இப்படியும் அப்படியும் வளைத்து. ஒரு தடவையில் முறியாதது பத்துத் தடவையில் முறிகிறது. இதுவே உலோகச் சோர்வு, நாம் சொல்லும் 'ஃபடீக்'. 1842-ல் பிரான்சில் வெர்சாய் ரயில் விபத்தில் எஞ்சின் அச்சு முறிந்தது. பின்னர் ஜெர்மனியில் வோஹ்லர் என்ற ரயில்வே பொறியாளர் அச்சுகளை லட்சக்கணக்கான தடவை வளைத்து வளைத்துச் சோதித்தார். நாம் பரீட்சைக்கு வரையும் எஸ்-என் வளைகோடு அவருடைய உழைப்பில் வந்தது.

பளபளப்பாகத் தீட்டிய டைட்டானியக் கலவை மாதிரித் துண்டு சுமார் 500 மெகாபாஸ்கல் வரை கோடிக்கணக்கான சுழற்சியைத் தாங்கும். ஆனால் ஆபரேஷன் தியேட்டரில் கம்பியை முதுகின் வளைவுக்கு ஏற்ப வளைக்கிறார்கள், திருகின் தலையில் வைத்து இறுக்குகிறார்கள். வளைத்த இடத்திலும் கவ்விய இடத்திலும் சின்னத் தழும்பு விழும். கீறல் என்றால் டைட்டானியத்துக்கு ஆகவே ஆகாது. தாங்கும் அளவு அங்கே வெகுவாக இறங்கிவிடும். வளைத்ததைத் திருப்பி நிமிர்த்தக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான்.

நம் கணக்கில் சுமையை இரட்டிப்பாக்குங்கள். தகைவு 612. யீல்டு பாயிண்டுக்குக் கீழேதான் இருக்கிறது. கம்பி இன்றைக்கு வளையாது, வலிக்கவும் வலிக்காது. ஆனால் சோர்வு எல்லையைத் தாண்டியாகிவிட்டது. ஒவ்வொரு கட்டும் கணக்கில் ஏறும். இந்தக் கணக்குக்கு நோட்டு இல்லை, ரசீது இல்லை. ஒருநாள் முகம் கழுவக் குனியும்போது 'டக்' என்று போகும்.

இதை நோட்டில் எழுதியே சித்தப்பாவுக்குக் காட்டினேன். "சித்தப்பா, ராடு கெட்டியானதுதான். ஆனா அது ஒரு பந்தயத்துல ஓடுது. எலும்பு முன்னாடி சேந்துடுச்சின்னா நீங்க ஜெயிச்சீங்க. அதுக்குள்ள ராடைச் சோர வச்சீங்கன்னா மறுபடியும் தியேட்டர்தான். டாக்டர் படம் எடுத்துப் பாத்து, எலும்பு சேந்துடுச்சின்னு சொல்ற வரைக்கும் கட்டு தொடாதீங்க. பீடியும் வேணாம், நிகோடின் எலும்பு சேர விடாது." கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தார். "அப்போ இந்த சீசன் போச்சுன்னு சொல்லு" என்றார். போனதுதான். அந்த வருஷம் லோடு கணக்கு எழுதும் வேலைக்குப் போனார், பாதிக் கூலிகூட இல்லை. சித்திதான் நூறு நாள் வேலையும் களையெடுப்புமாக வீட்டைத் தாங்கினார். உடம்புக்குள் இருக்கும் முட்டுக்கு வெளியே வீடும் முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை எந்தச் சூத்திரத்திலும் நாம் எழுதுவதில்லை.

எங்கே விட்டுப் போகும்?

நான்கு இடங்கள். முதலாவது, திருகின் கழுத்து. லேத்தில் டூலை வெளியே நீட்டிக் கட்டினால் என்ன ஆகும்? ஆடும், அடியில் முறியும். திருகும் எலும்பில் ஊன்றிய கேன்டிலீவர்தான். தலைக்குச் சற்றுக் கீழே மொமென்ட் அதிகம். அதன் பலம் மரையின் வெளி விட்டத்தில் இல்லை, உள் விட்டத்தின் மும்மடியில் இருக்கிறது.

இரண்டாவது, கம்பி. வளைத்த இடத்திலும், தலைப்பூட்டு கவ்வும் விளிம்பிலும் வெடிப்பு தொடங்கும்.

மூன்றாவது, திருகும் எலும்பும் சேரும் இடம். இங்கே வெளி விட்டமும் மரையின் ஆழமும் எலும்பின் அடர்த்தியும் முக்கியம். உளுத்த மரத்தில் எவ்வளவு நல்ல திருகு போட்டாலும் பிடிக்காதல்லவா? வயதானவர்களின் மெலிந்த எலும்பில், துளையுள்ள திருகு வழியே எலும்பு சிமென்ட் செலுத்திப் பிடிப்பைக் கூட்டுவதும் உண்டு.

நான்காவது, தலைப்பூட்டுத் திருகு. குறித்த டார்க்கில் இறுக்காவிட்டால் தளரும். அதற்கென்றே டார்க் ரெஞ்சும், எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்ளும் கருவியும் உண்டு. கை அளவில் இறுக்குவது சைக்கிளுக்குச் சரி, இங்கே சரிப்படாது.

சோதனைக் கூடத்தில்

1996-ல் வெளியான ஏ.எஸ்.டி.எம். எஃப் 1717 என்ற தர முறை இதற்கு உண்டு. எலும்புக்குப் பதில் இரண்டு பிளாஸ்டிக் கட்டைகள். நடுவில் ஒரு முள்ளெலும்பே இல்லாதது போல வெற்றிடம். திருகும் கம்பியும் பூட்டி எந்திரத்தில் மாட்டி அமுக்கி அமுக்கி விடுவார்கள். 50 லட்சம் தடவை உடையாமல் நின்றால் அந்தச் சுமைக்குத் தேறியது. விநாடிக்கு 5 தடவை என்றால் இரவு பகலாகப் பதினொன்றரை நாள். நாளைக்கு 7,000 அடி நடக்கும் ஒருவர் இரண்டு வருஷத்தில் எடுத்து வைக்கும் அடிகளும் ஏறக்குறைய 50 லட்சம்தான். அதற்குள் எலும்பு சேர்ந்துவிட வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு.

ஊரில் கேட்ட கேள்விகள்

உள்ளே துருப்பிடிக்குமா? டைட்டானியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் தானாக உருவாகிக் காக்கிறது. ஆனால் எவர்சில்வர் திருகையும் டைட்டானியக் கம்பியையும் கலந்து போடக் கூடாது என்பது பொது விதி. உப்பு நீரில் இரண்டு உலோகம் சேர்ந்தால் பேட்டரி மாதிரி அரிப்பு நடக்கும்.

இடி இழுக்குமா? இழுக்காது. திறந்த வெளியில், உயரமான இடத்தில் நிற்பதுதான் ஆபத்து. அது எல்லோருக்கும் பொது.

கம்பி போட்டால் கால் மரத்தது சரியாகுமா? கம்பி எலும்பை நிறுத்தும், நரம்பின் மேலுள்ள அழுத்தத்தை நீக்க உதவும். அறுந்துபோன நரம்பை அது வளர்க்காது. அப்படிப்பட்டவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சிதான் வழி. விபத்தில் தன் கால்களின் செயலை இழந்த பிறகும் சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை செய்த டாக்டர் மேரி வர்கீஸ், அதற்காகவே வேலூர் சி.எம்.சி.யில் 1966-ல் மறுவாழ்வு நிலையம் தொடங்கக் காரணமானார்.

நமக்கு என்ன வேலை?

இந்தத் திருகை டாக்டர் செய்வதில்லை, நம்மைப் போன்ற ஒருவர்தான் சி.என்.சி.யில் கடைகிறார். மரை வெட்டுவது, பிசிர் எடுப்பது, பாலிஷ், அளவு பார்ப்பது, ஒவ்வொரு துண்டும் எந்த உருக்கு வார்ப்பிலிருந்து வந்தது என்று பதிவு வைப்பது, எல்லாம் டிப்ளமோ படித்தவர்கள் செய்கிற வேலை. நம் ஒர்க்‌ஷாப்பில் ஜாபின் மேல் டூல் மார்க் விழுந்தால் "எமரி போட்டுக்கலாம் சார்" என்று சொல்லித் தப்பிக்கிறோம். திருகின் கழுத்தில் விழுந்த அதே டூல் மார்க், வெடிப்பு தொடங்கும் இடம். மூலையில் விட வேண்டிய ஃபில்லட் ரேடியஸைச் சோம்பலில் விட்டுவிட்டால் தகைவு அங்கேதான் குவியும்.

அடுத்த தடவை பெண்டிங் ஈக்குவேஷனை மனப்பாடம் செய்யும்போது, தகைவு என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு மனிதரை நிறுத்திப் பாருங்கள். ஃபடீக் டெஸ்ட் லேபில் ரீடிங்கைப் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதாமல் நீங்களே எடுங்கள். லேபில் அந்த மெஷின் பழுதாகிக் கிடந்தால் நம் மாணவர் சங்கத்தின் வழியாக, சரிசெய்து தரும்படி கேட்போம்.

— ரிஷிவந்தியத்து மாணவன்,
மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு